வெள்ளிக்கிழமை விமானத்தில் ஓர் இடம்

எங்கள் தீவில் யாருடைய எடையும் ரகசியம் கிடையாது. வெள்ளிக்கிழமை காலையில் விமானக் கொட்டகைக்கு வந்தால் போதும். கொப்பரை நிறுக்கிற தராசில் ஆளையும் மூட்டையையும் ஒன்றாக ஏற்றி நிறுத்தி, மரேக்கோ ஊருக்கே கேட்கிற மாதிரி கத்திச் சொல்லிவிடுவான். டிக்கெட் கிழிப்பவன் அவன்தான். ஓடுபாதையிலிருந்து பன்றிகளை விரட்டுபவனும் அவன்தான். தலைநகரான தரவாவோடு ரேடியோவில் பேசுபவனும் அவன்தான். இத்தனை வேலைக்கும் சேர்த்து அவனுக்குக் கிடைத்த ஒரே சந்தோஷம் அந்தத் தராசு. சும்மா விடுவானா?

"எண்பத்தெட்டு! ஏம்ப்பா இயோவானே, போன மாசம் எண்பத்து மூணுதானே இருந்த? பாட்டுப் பயிற்சின்னு சொல்லிட்டுப் போய் பன்னிக்கறியா தின்னீங்க?"

கூட்டம் சிரித்தது. பயணம் போகிறவர்கள் பதினாலு பேர், வேடிக்கை பார்க்க வந்தவர்கள் நூறு பேர். அந்த வாரம் தரவாவில் சபைகளுக்கிடையே பாட்டுப் போட்டி. பதினாலு இடத்தையும் எங்கள் சபைப் பாடகர்களே பிடித்துவிட்டார்கள். எல்லாரும் வெள்ளைச் சட்டை, தலையில் பூச்சரம், காலடியில் சொந்தக்காரர்களுக்குக் கொண்டுபோகும் உப்புமீன் மூட்டை.

தெய்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. கொட்டகைத் தூணோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தாள். தோளில் நவேரே, அவளுடைய ஒரே பிள்ளை, நாலு வயது. எட்டு நாளைக்கு முன்னால் துருப்பிடித்த தூண்டில் முள் ஒன்று அவன் காலில் ஏறியது. பிடுங்கிப் போட்டுவிட்டு விளையாடப் போய்விட்டான். இப்போது முழங்கால் வரை வீங்கி, பாதம் கறுத்து, துணி பட்டாலே அலறுகிறான். அன்று காலையிலிருந்து அலறவும் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

முந்தின நாள் சாயங்காலம் நர்ஸம்மா ஒளிக்காமல் சொல்லிவிட்டாள்.

"என்கிட்ட இருந்த மருந்தெல்லாம் குத்தியாச்சு தெய்மா. தரவா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனா கால் பிழைக்கலாம், இல்லன்னா பிள்ளையாவது பிழைக்கும். அடுத்த வெள்ளி வரைக்கும் தாங்காது."

"அவசர விமானம் கேளுங்கம்மா."

"ரெண்டு நாளாக் கேக்குறேன். அது ரிப்பேர்ல கிடக்குதாம். நாளைக்கு வர்ற விமானம் நிறைஞ்சாச்சாம். யாராவது இடத்தைக் குடுத்தா உண்டு."

யாராவது என்றால் யார்? தெய்மா இந்தத் தீவுக்காரி அல்ல. தெற்கே, இரண்டு நாள் கப்பல் பயணத்தில் இருக்கிற தீவிலிருந்து கல்யாணமாகி வந்தவள். எங்களிடம் புபுசி என்று ஒரு வழக்கம் இருக்கிறது. சொந்தக்காரர் ஒருவர் வாய்விட்டுக் கேட்டுவிட்டால் இல்லையென்று சொல்லக்கூடாது. படகைக் கேட்டால் படகு, பாயைக் கேட்டால் பாய். இல்லையென்று சொன்னவன் அப்புறம் ஊரில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. ஆனால் சொந்தக்காரர் கேட்கவேண்டும். அந்நியர் கேட்டால் அது பிச்சை. பதினாலு பேரில் தெய்மாவுக்குச் சொந்தமென்று இருந்தது ஒரே ஒருத்தி. அவள் புருஷனின் அக்கா ரொரேத்தி.

ரொரேத்தியோ தெய்மாவோடு பேசி நாலு வருஷம் ஆகிறது.

அதற்கும் காரணம் இந்தப் பிள்ளைதான். ரொரேத்திக்கு மூன்று பிள்ளைகள் வயிற்றிலேயே கலைந்துபோயின. நவேரே தெய்மாவின் வயிற்றில் ஐந்து மாதமாக இருந்தபோது, ரொரேத்தி புதுப் பாய் ஒன்றும் புகையிலையும் கொண்டுவந்து முன்னால் வைத்து, முறைப்படி கேட்டாள். பிறக்கப்போவதை எனக்குக் கொடு, நான் வளர்க்கிறேன் என்று. எங்கள் பக்கம் இது நடக்கிறதுதான். பாதி வீடுகளில் வளர்ப்புப் பிள்ளை உண்டு, யாரும் குறையாக நினைப்பதில்லை. தெய்மா பாயை வாங்கி வைத்துக்கொண்டாள். சரியென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. அடுத்த கப்பலில் பிரசவத்துக்கென்று தன் தீவுக்குப் போனவள், பிள்ளைக்கு ஒரு வயதானபின்தான் திரும்பினாள். இறங்கியதும் அந்தப் பாயை ஆள் மூலம் ரொரேத்தி வீட்டுக்குத் திருப்பி அனுப்பினாள். ஊர் இதை மறக்குமா? "பாய் திரும்பிடுச்சு, பிள்ளை திரும்பல" என்று ஒரு வருஷம் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. இரண்டு பேரையும் பார்த்துத்தான் சிரித்தது.

இப்போது அந்த ரொரேத்தியிடம் போய்க் கேட்கவேண்டும். முந்தின நாளே வீட்டுக்குப் போய்க் கேட்கலாம் என்றான் புருஷன் பௌரோ. தெய்மா மறுத்துவிட்டாள்.

"வீட்டுல கேட்டா யாருக்குத் தெரியும்? 'காது கேக்கல'ன்னு படுத்துக்குவா உங்கக்கா. நாளைக்குக் கொட்டகையில, எல்லாருக்கும் முன்னால கேக்குறேன். நூறு பேரு பாக்குறப்போ எப்படி இல்லைன்னு சொல்றான்னு பாப்போம்."

பௌரோ தலையைச் சொறிந்துகொண்டான். நல்லவன் என்று ஊரில் அவனுக்குப் பேர். யார் எதைச் சொன்னாலும் தலையைச் சொறிந்துகொண்டு சரியென்று சொல்லித்தான் அந்தப் பேரை அவன் சம்பாதித்தான்.

"அடுத்து ரொரேத்தி!" என்று மரேக்கோ கூவினான். "எல்லாரும் ஒதுங்குங்க, தராசுக்கு மூச்சு விட இடம் குடுங்க."

ரொரேத்தி விசிறியால் அவன் தலையில் ஒரு போடு போட்டுவிட்டு ஏறினாள். பெரிய உருவம், நல்ல குரல். பாட்டுக் குழுவில் முன்வரிசையில் நிற்பவள்.

"தொண்ணூத்தாறு! பைலட்கிட்ட சொல்லிடறேன், இவ எந்தப் பக்கம் உக்காருறாளோ அந்தப் பக்கமாத்தான் விமானம் திரும்பும்."

"உன் பொண்டாட்டிய நிறுத்துப் பாத்திருக்கியாடா? தராசு அவளக் கொக்குன்னு நினைச்சுக்கும்" என்றாள் ரொரேத்தி. மரேக்கோவின் மனைவியும் சேர்ந்து சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் தெய்மா முன்னால் போனாள். தராசின் எதிரே பவளக்கல் தரையில் முழங்காலிட்டாள். பிள்ளையின் காலைச் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தாள். நாற்றம் எழுந்தது. முன்னால் நின்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினார்கள்.

"அண்ணி" என்றாள் தெய்மா. குரலை வேண்டுமென்றே உயர்த்தினாள். "எல்லாரும் கேக்கக் கேக்குறேன். இது என் புபுசி. என் பிள்ளை சாகக் கிடக்குறான். விமானத்துல உங்க இடத்த எனக்குக் குடுங்க. நான் இவனத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

பன்றி விரட்டப் போன நாய்கள் மட்டும் ஓடுபாதையில் குரைத்துக்கொண்டிருந்தன.

ரொரேத்தி தராசிலிருந்து இறங்கவில்லை. பிள்ளையின் காலைப் பார்த்தாள். அப்புறம் தெய்மாவைப் பார்த்தாள். என்ன செய்வாய், இல்லையென்று சொல்லேன் பார்க்கலாம் என்று தெய்மாவுக்கு உள்ளுக்குள் ஒரு கறுவல் இருந்தது. பிள்ளை அந்த நிலையில் கிடக்கும்போது கூட நாத்தனாரை மடக்கிவிட்ட திருப்தி ஒரு துளி இருந்தது. மனுஷ மனம் அவ்வளவுதான்.

"இதுக்குப் போய் முழங்கால் போடுவியாடி?" என்றாள் ரொரேத்தி, பாட்டுக்காரியின் அந்தக் கனத்த குரலில். "என் தம்பி பிள்ளை. பாட்டு என்னடி பெரிய பாட்டு? இந்தா, என் இடம் உனக்கு. குடுத்துட்டேன். மரேக்கோ, என் பேர அடிச்சிட்டு இவ பேர எழுது."

"கேட்டீங்களா!" என்று ஒரு கிழவர் கைதட்டினார். எல்லாரும் தட்டினார்கள். பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். தெய்மா தலை குனிந்தாள். அழுகை பொங்கிவந்தது. இவளைப் போய் இத்தனை நாள் என்னவெல்லாம் நினைத்துவிட்டோம் என்று மனசு உருகிப்போனது.

தூரத்தில் இரைச்சல் கேட்டது. மரேக்கோ வெளியே ஓடிப்போய்ச் சங்கை அலறவிட்டான். விமானம் கடற்கரைத் தென்னைகளுக்கு மேல் தாழ்ந்து வந்து, புழுதியைக் கிளப்பிக்கொண்டு இறங்கியது. பெட்டிகளை இறக்கி ஏற்ற அதற்கு இருபது நிமிஷம். அதற்கு மேல் பைலட் ஒரு நிமிஷம் நிற்கமாட்டார்.

ரொரேத்தி தராசிலிருந்து இறங்கினாள். தலையிலிருந்த பூச்சரத்தைக் கழற்றினாள். தெய்மா எதிரே வந்து, அவளைப் போலவே முழங்காலிட்டு உட்கார்ந்தாள். தொண்ணூற்றாறு கிலோவும் மெதுவாகத் தரைக்கு இறங்கியது.

"தெய்மா, நீ கேட்ட, நான் குடுத்தேன். இப்ப நான் கேக்குறேன். எல்லாரும் கேக்கத்தான் கேக்குறேன். இது என் புபுசி. இந்தப் பிள்ளைய எனக்குக் குடு."

தெய்மாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் பிள்ளையை இறுக்கிக்கொண்டாள். அவன் முனகினான்.

"அண்ணி, இப்பப் போய்..."

"வயித்துல இருக்கும்போது கேட்டேன். நீ பதில் சொல்லல. சரி, அப்ப உனக்கு நேரம் வேணும்னு நினைச்சேன். நாலு வருஷம் போதாதா?" பிறகு ரொரேத்தி குனிந்து அவள் காதருகே சொன்னாள். அது கூட்டத்துக்குக் கேட்கவில்லை. "பாயத் திருப்பி அனுப்புன இல்ல, ஆள் மூலமா? என் வீட்டு வாசல்ல போட்டுட்டுப் போனான்டி அவன், செத்த மீனப் போடுற மாதிரி. அத நான் இன்னும் விரிக்கல."

நிமிர்ந்ததும் குரல் மறுபடியும் தேன் ஆனது. "பயப்படாதே தெய்மா. குடுத்த இடத்தத் திரும்பக் கேக்குறவ நான் இல்ல. நீ மாட்டேன்னு சொன்னாலும் இடம் உனக்குத்தான். சொல்லு."

ரொரேத்தி கெட்டவள் அல்ல என்று சொல்லத்தான் எனக்கும் ஆசை. மூன்று பிள்ளைகளைப் பறிகொடுத்தவள், ஏக்கம் என்று ஏதாவது சொல்லலாம். அதெல்லாம் உண்மைதான். ஆனால் அன்று காலை அவள் கெட்டவள்தான். தெய்மாவின் கையில் இருந்த அதே கத்தியை வாங்கி, அதைக் கொண்டே அறுத்தாள்.

தெய்மா சுற்றிலும் பார்த்தாள். நூறு முகங்கள். சற்றுமுன் அழுத கண்கள் எல்லாம் இப்போது அவளை எடை போட்டுக்கொண்டிருந்தன. இவளுக்கு வாங்க மட்டும்தான் தெரியுமா, கொடுக்கத் தெரியாதா என்று ஒவ்வொன்றும் கேட்டது. யாரோ ஒருத்தி, "தெக்குத் தீவுக்காரி தான?" என்று முணுமுணுத்தாள். தெய்மா புருஷனைத் தேடினாள். பௌரோ தூணருகே நின்று தலையைச் சொறிந்துகொண்டிருந்தான்.

"ஏங்க, நீங்க சொல்லுங்க."

"அக்கா கேட்டுட்டா தெய்மா" என்றான் பௌரோ. "எல்லாரும் பாக்குறாங்க."

தரவாவுக்கு ஏற்றவேண்டிய கடைசி மூட்டை போய்க்கொண்டிருந்தது. பைலட் இறக்கைக்குக் கீழே நின்று கடிகாரத்தைப் பார்த்தார்.

இந்த இடத்தில் தெய்மா மனசுக்குள் ஒரு வழி கண்டுபிடித்தாள். வெறும் வார்த்தைதானே, இப்போதைக்குச் சரியென்று சொல்லிவிட்டு ஏறிவிடுவோம். தரவா போய்ப் பிள்ளை பிழைத்து எழுந்ததும், அங்கிருந்து அப்படியே அம்மா தீவுக்குக் கப்பல் ஏறிவிடுவோம். ஒரு தடவை தப்பித்தவள்தானே, இன்னொரு தடவை முடியாதா? மாட்டேன் என்று சொன்னால் இந்த ஊரில் இனி ஒரு வாய்த் தண்ணீர் கூடக் கேட்டு வாங்க முடியாது. சரியென்று சொல்வதால் என்ன குறைந்துவிடப்போகிறது?

"குடுத்தேன் அண்ணி" என்றாள்.

இந்தத் தடவை கைதட்டல் கூரையைப் பிய்த்தது. கிழவர் எழுந்து நின்று, இப்படி ஒரு கொடுக்கல் வாங்கலை என் ஆயுளில் பார்த்ததில்லை என்றார். பெண்கள் தெய்மாவின் முதுகைத் தடவினார்கள். ரொரேத்தி கண்ணீரைத் துடைக்காமல் இரண்டு கையையும் நீட்டினாள்.

தெய்மா எழுந்து, பிள்ளையோடு தராசை நோக்கி நடந்தாள். "மரேக்கோ, சீக்கிரம் நிறு. நேரமாச்சு."

மரேக்கோ பென்சிலைக் காதிலிருந்து எடுத்தான். காகிதத்தைப் பார்த்தான். பின் இரண்டு பெண்களையும் பார்த்தான். பேச வாய் திறந்தால் மூடாதவன், இப்போது தயங்கினான்.

"நோயாளிப் பிள்ளை. கூட அம்மா ஒருத்தி" என்றான். "அப்படித்தான் எழுதணும். அம்மா பேரு என்ன போட?"

"என் பேரத்தான். இப்பத்தானே அண்ணி சொன்னாங்க, இடம் எனக்குன்னு."

நூறு முகங்களும் ஒன்றாக ரொரேத்தி பக்கம் திரும்பின. அம்மா யார் என்பதில் ஒருவருக்கும் சந்தேகமே இல்லை.

"அண்ணி, இடத்த எனக்குக் குடுத்தீங்களே" என்றாள் தெய்மா.

"குடுத்தேன். இப்பவும் அது உன்னுதுதான். வேணும்னா ஏறிப் போ, தரவாவச் சுத்திப் பாத்துட்டு வா" என்றாள் ரொரேத்தி. "ஆனா என் பிள்ளைய நான் தனியா ஆஸ்பத்திரிக்கு அனுப்ப முடியாது. அவன் என்கூட இங்கயே இருக்கட்டும். கடவுள் விட்ட வழி."

"அய்யோ! அவன் செத்துப்போயிடுவான்!"

"அப்ப இடத்த விடு."

"நானும் வர்றேன். கீழ உக்காந்துக்கறேன், மூட்டை மேல உக்காந்துக்கறேன். என் எடை அம்பத்திரண்டுதான். மரேக்கோ, ரெண்டு மூட்டைய இறக்கிடு!"

"இருக்கை பதினாலுதான் தெய்மா" என்றான் மரேக்கோ. "பைலட் ஒத்துக்க மாட்டார்."

"ஆறின பிறகு எடுத்துக்கோங்க அண்ணி. கால் ஆறுற வரைக்கும் மட்டும் நான் கூட இருக்கேன்."

"குடுத்த பிள்ளை பின்னாலயே ஓடுறது அழகா?" என்று கூட்டத்தில் ஒரு பெண் சொன்னாள். கொஞ்சம் முன்னால் தெய்மாவின் முதுகைத் தடவியவள் அவள். "அப்படி ஓடுனா பிள்ளை புது மடியில ஒட்டுமா?"

விமானத்தின் ஒரு விசிறி சுழல ஆரம்பித்தது. தெய்மா நின்ற இடத்திலேயே நின்றாள். கை மட்டும் பிள்ளையை விடவில்லை. அப்போதுதான் பௌரோ தூணை விட்டு வந்தான். நல்லவன் பௌரோ. மனைவியின் விரல்களை ஒவ்வொன்றாக, வலிக்காமல் பிரித்தான். பிள்ளையை எடுத்து அக்காவின் கையில் வைத்தான்.

"நூத்தி ஒம்பது" என்றான் மரேக்கோ. இந்த ஒரு எடையை மட்டும் அவன் கத்திச் சொல்லவில்லை. எடை கூடியதால் இயோவானேயின் மீன் மூட்டையை இறக்கி வைத்தார்கள். அவன் முணுமுணுத்தான்.

ரொரேத்தி ஓடுபாதையில் நடந்தாள். நடக்கும்போதே பிள்ளையின் நெற்றியில் முத்தமிட்டு, ஏதோ பாடிக்கொண்டு போனாள். கதவு வரை போனபின்தான் நவேரேவுக்குத் தோள் மாறியது தெரிந்தது. காய்ச்சலில் அரைக்கண் திறந்து "அம்மா" என்றான். "இருக்கேன்டா கண்ணு" என்றாள் ரொரேத்தி. கதவைச் சாத்தினார்கள். எங்கள் ஓடுபாதை சின்னது. விமானம் ஓட ஆரம்பித்தால் நின்று பார்ப்பதற்குள் கடலுக்கு மேலே போய்விடும்.

அதன்பின் தெய்மா கொட்டகையை விட்டு நகரவில்லை. மரேக்கோ வரும்போது அங்கே இருந்தாள், போகும்போதும் அங்கே இருந்தாள். வருகிற போகிறவர்கள் எல்லாம் அவளைப் பெருமையாகப் பேசினார்கள். பௌரோ வேகவைத்த பலாக்காய் கொண்டுவந்து வைப்பான், அப்படியே எடுத்துக்கொண்டு போவான். ரேடியோ கரகரக்கும்போதெல்லாம் அவள் எழுந்து நிற்பாள். காற்று எவ்வளவு, மேகம் எவ்வளவு என்று கேட்டுவிட்டு அது அடங்கிவிடும். பிள்ளை மட்டும் பிழைக்கட்டும், யார் பிள்ளையாக இருந்தால் என்ன என்று அவள் வேண்டிக்கொண்டாள். உண்மையாகவே வேண்டினாள். வேண்டி முடித்ததும் ரொரேத்தியின் தொண்டை அடைத்துப்போகட்டும் என்றும் வேண்டினாள்.

செவ்வாய்க்கிழமை மதியம் ரேடியோ வெகுநேரம் பேசியது. மரேக்கோ காதை ஒட்டி வைத்துக் கேட்டு, காகிதத்தில் எழுதிக்கொண்டான். தெய்மா தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். மரேக்கோ அவளைத் தாண்டிப் போனான். கொட்டகைக்கு அடுத்திருந்த ரொரேத்தியின் வீட்டைப் பார்த்துக் கையைக் குவித்துக் கத்தினான்.

"உரியாம்! ஏய் உரியாம்! தெபானோ பிழைச்சிட்டான்! கால வெட்டல! காய்ச்சல் விட்டுடுச்சாம்! உன் பொண்டாட்டி சொல்லச் சொன்னா!"

ரொரேத்தியின் புருஷன் உரியாம் வலை பின்னிக்கொண்டிருந்தவன், வலையோடு எழுந்து ஓடிவந்தான்.

"என்ன பேரு சொன்ன? திரும்பச் சொல்லு!"

"தெபானோ. அப்படித்தான் ஆஸ்பத்திரில எழுதியிருக்காளாம்."

"எங்கப்பா பேரு!" என்று உரியாம் குதித்தான். "எங்கப்பா பேர வச்சிட்டாய்யா!" மரேக்கோவைக் கட்டிக்கொண்டான். அக்கம்பக்கத்திலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். பன்றி அடிக்கவேண்டும் என்று யாரோ சொன்னார்கள். எது என்று உடனே விவாதம் ஆரம்பித்தது.

தெய்மா அந்தச் சந்தோஷத்தில் இடிபட்டுக்கொண்டு நின்றாள். நாலு நாளாகத் தூங்காத தலைக்குள் எதுவும் ஒட்டவில்லை. இவர்கள் வீட்டிலும் யாரோ ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறார்கள் போல, பிழைத்துவிட்டார்கள், நல்லது என்று மட்டும் நினைத்தாள். கூட்டம் கொஞ்சம் விலகும்வரை மரியாதையாகக் காத்திருந்தாள். பின் மரேக்கோவின் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தாள்.

"மரேக்கோ, நவேரேயப் பத்தி ஒண்ணும் சொல்லலையா?"

மரேக்கோ கையிலிருந்த காகிதத்தை நாலாக மடித்தான்.

"அந்தப் பேருல அங்க யாரும் இல்ல தெய்மா" என்றான். "வீட்டுக்குப் போ."